பவளவேணி விஷம் வைத்தாளா?

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்த சம்பவம் ஈப்போ சரித்திரத்தில் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. 1979-இல், புந்தோங்கில், என் தங்கை பாப்பாவின் வீட்டில். பெண்ணுக்குத் தாய்மாமன் என்ற முறையில் நான் முன் வரிசையில், கையில் உளுந்து வடையோடு உட்கார்ந்திருந்தேன். அந்த வடையை நான் தின்று முடிக்கவே இல்லை என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் அன்று பார்ப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. மாப்பிள்ளை சீனிக்குத் தண்ணீர் இலாகாவில் வேலை. என் மருமகளுக்குத் தையல் பேக்டரியில் வேலை. இரண்டு பேரும் ஒரே பஸ் நிறுத்தத்தில் நின்று நின்று எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். பெரியவர்கள் மனம் நோகக் கூடாதே என்றுதான் இந்த வடையும் வெற்றிலைத் தட்டும்.

சீனியின் அம்மா கருப்பம்மாள் செமோரிலிருந்து வந்திருந்தார். அவர் உட்கார்ந்ததும் எங்கள் வீட்டு நாற்காலி ஒரு முறை முருகா என்றது. பக்கத்தில் அவர் கணவர் பத்துமலை. ஒல்லியான மனிதர், வந்ததிலிருந்து “ம்” என்பதைத் தவிர வேறு எழுத்தை உச்சரிக்கவில்லை.

“பொண்ணு பேரு என்னா?” என்று கேட்டார் கருப்பம்மாள்.

“பவளவேணி,” என்றான் என் மச்சான் உடையப்பன், ஏதோ கிரீடத்தைத் தூக்கிக் காட்டுகிறவன் மாதிரி.

கோப்பை கீழே இறங்கியது.

“எந்தப் பவளவேணி?”

“கருந்தேள் மாளிகை பவளவேணிதான். நான் வச்ச பேரு.”

“கட்டுன புருஷனுக்குப் பால்ல வெசம் வச்சவ. அவ பேரையா பெத்த புள்ளைக்கு வச்சீங்க?”

உடையப்பன் எழுந்தே விட்டான். “யாரு வெசம் வச்சா? புருஷனுக்கு எவனோ வச்ச வெசத்த அவ புடுங்கிக் குடிச்சா. தெய்வம்க்கா அது. நான் கண்ணால பாத்தேன்.”

“நான் மட்டும் மூக்காலயா பாத்தேன்?” என்றார் கருப்பம்மாள்.

இந்த இடத்தில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ‘கருந்தேள் மாளிகை’ மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் இங்கே வந்தது. இந்தியாவில் காலைக் காட்சிக்குப் போனவர்கள் பத்தரைக்கே வெளியே வந்துவிட்டார்களாம். ஆனால் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கில் கதை வேறு. தோட்டம் தோட்டமாகப் போய்த் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும் ஒரு கம்பெனி அதை வாங்கி ஒரே ஒரு சுற்று ஓட்டியது. அதற்குப் பிறகு அந்தப் படத்தை யாரும் எங்கும் பார்க்கவில்லை. அப்படியும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும்போது அந்தக் கதைதான், கள்ளுக்கடையில் அந்தக் கதைதான், கருமாதி வீட்டிலும் அழுகை ஓய்ந்ததும் அந்தக் கதைதான். பார்த்தவர்கள் ஐந்நூறு பேர் என்றால் பார்த்ததாகச் சொன்னவர்கள் அஞ்சு லட்சம் இருக்கும். நான் பார்க்கவில்லை, அந்த வாரம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி. ஆனால் பார்த்தவர்களைவிட நான் கதையை நன்றாகச் சொல்வேன்.

“முடிவாச் சொல்றேன்,” என்றார் கருப்பம்மாள். “பேர மாத்துங்க. வெசக்காரி பேர வச்சுக்கிட்டு என் வீட்டு அடுப்பங்கரைக்குள்ள யாரும் வர முடியாது.”

பவளவேணி அடுப்பங்கரையிலிருந்து அவளாகவே வெளியே வந்தாள். “ஐ.சி.ல இருக்கிற பேரு. மாத்த மாட்டேன்,” என்றாள். எங்கள் வீட்டுப் பெண் அல்லவா, அடையாளக் கார்டை எடுத்து வந்து காட்டாதது பெரிய காரியம். சீனி கூரையைப் பார்த்தான். கூரையில் பல்லிகூட இல்லை.

“அப்ப அவ வெசம் வைக்கலன்னு எழுத்துல காட்டுங்க,” என்றார் கருப்பம்மாள். “அச்சடிச்ச எழுத்துல இருந்தா ஒத்துக்கறேன். தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் பாகான் செராய்ல வேற பொண்ணு இருக்கு.”

அச்சில் வந்தது பொய் சொல்லாது என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான், ஆனால் வேறு காரணத்துக்காக. நான் திரைநாவல் சேர்க்கிறவன். அந்தக் காலத்தில் ஒரு படம் வந்தால் அதன் கதையை யாராவது ஒருவர் நாவலாக எழுதி, அட்டையில் கதாநாயகி படத்தைப் போட்டு, கொட்டகை வாசலில் விற்பார்கள். காகிதம் அப்பளத்தைவிட மெல்லிசு. படித்து முடித்ததும் பொட்டலம் கட்டப் போய்விடும். அப்படிப் போகாமல் தப்பியவற்றை நான் பிஸ்கட் டின்களில் போட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அரிசி வைக்கவே டின் கிடையாது என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“கருந்தேள் மாளிகைக்கும் திரைநாவல் ஒண்ணு வந்திச்சு,” என்றேன், வடையை ஆட்டிக்கொண்டு. “பினாங்குல அச்சடிச்சாங்க. மறுபதிப்பு இல்ல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக என் டின்களுக்கு மரியாதை கிடைத்தது.

“உன்கிட்ட இருக்கா மச்சான்?” என்றான் உடையப்பன்.

“அது ஒண்ணுதான் இல்ல,” என்றேன்.

மறுநாளே தொடங்கிவிட்டோம். லகாட் ரோட்டில் பழைய பத்திரிகை விற்கிற கடைகளை அலசினோம். அங்கே ஒரு கடைக்காரர் “கருந்தேளா? மருந்துக் கடைக்குப் போங்க லா,” என்றார். இன்னொருவர் அந்தப் புத்தகம் தன்னிடம் இருந்ததென்றும், போன வருஷம்தான் மசாலைத்தூள் கட்டியே தீர்ந்து போனதென்றும், வாங்கிப் போனவர்கள் யார் யார் என்று யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார். உடையப்பன் நிஜமாகவே யோசிக்கச் சொல்லிக் காத்திருந்தான். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

பாகான் செராயில் ஒரு முடிதிருத்தும் கடையில் முழுப் புத்தகம் இருப்பதாகத் தகவல் வந்தது. நெல் வயல்களுக்கு நடுவே என் பழைய காரில் போனோம். இருந்தது. அட்டை புத்தம் புதுசு. உள்ளே ஒன்றும் இல்லை. சவரக் கத்தியில் நுரை துடைக்க நாளைக்கு ஒரு தாளாகக் கிழித்து வந்திருக்கிறார்.

“கிழிக்கிறப்ப படிக்கலயாண்ணே?” என்று உடையப்பன் கேட்டான்.

“படிச்சேன். ஆனா நாளைக்கு ஒரு தாளு தம்பி. இன்னிக்குப் படிக்கிறப்ப நேத்து என்னா படிச்சேன்னு மறந்து போவும்,” என்றார் அவர். “ஒரு பொம்பள. ஒரு கதவு. அவ்வளவுதான் நெனப்பு இருக்கு.”

நல்ல மனுஷன், எங்களுக்குச் சும்மாவே முடி வெட்டிவிட்டார். ஊர் திரும்பும்போது உடையப்பன் தலையைப் பார்த்து என் தங்கை, யார் செத்தது என்று கேட்டாள்.

கடைசியில் சுங்கை சிப்புட்டில் மாயாண்டியைக் கண்டுபிடித்தோம். ஒரு காலத்தில் சைக்கிளில் தோட்டங்களுக்குப் போய்ப் புத்தகம் வாடகைக்கு விட்டவர். அவர் தொழில்முறை உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. ஒரு நாவல் கிடைத்தால் முதல் வேலையாக அதை நாலு துண்டாகக் கிழிப்பார். ஒவ்வொரு துண்டையும் கோணி ஊசியால் தைத்து, சிமெண்டுப் பை காகிதத்தில் அட்டை போட்டு, நாலு லயத்தில் நாலு வீட்டுக்குக் கொடுப்பார். அடுத்த வாரம் துண்டுகள் இடம் மாறும்.

“ஒரு புத்தகத்த ஒருத்தன் வச்சிருந்தா மத்த மூணு வீடு சும்மா கெடக்கணும். அது நியாயமா?” என்றார் என்னிடம்.

“ஆனா எல்லாருக்கும் மொதத் துண்டு மொதல்ல வராதே?”

“எந்தத் துண்டு வருதோ அதான் மொதல்.”

இப்படி நாவலை நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே எங்கள் தோட்டங்களில் உண்டு. அவர்களிடம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தால் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைப்பார்கள்.

மாயாண்டி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அரிசிச் சாக்கை இழுத்து, அரை மணி நேரம் தும்மி, ‘கருந்தேள் மாளிகை’யின் மூன்று துண்டுகளை எடுத்தார். எண்ணிப் பார்த்தேன். நாலாவது இல்லை.

“அது டிரஸர் ஐயாகிட்ட மாட்டிக்கிச்சு,” என்றார். “துரைசிங்கம் ஐயா. தோட்டத்து ஆஸ்பத்திரி. இப்ப கோலா கங்சார்ல இருக்காரு.”

“திருப்பிக் கேக்கலயா?”

“ஊசி போடற ஆளுகிட்ட எப்படிக் கேக்கறது?”

துரைசிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற்றும் சட்டைப் பையில் தெர்மாமீட்டர் வைத்திருந்தார். எங்களை உட்கார வைத்து, வந்த விஷயத்தைக் கேட்டு, உள்ளே போய், பூச்சி உருண்டை வாசத்தோடு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தார். அதை எங்களிடம் தராமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“நாலாம் பாகம் என்னட்டை இருக்கு. இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா குடுக்கேலாது,” என்றார்.

“ஏன் ஐயா?” என்றேன்.

“மாயாண்டி எனக்கு முதல் மூண்டு பாகமும் தரேல்ல. நாலை மட்டும் தந்திட்டுப் போனவன் போனவன்தான். அவள் ஏன் பாலைக் கொண்டு மாடிக்கு ஏறுறாள் எண்டு தெரியாமல் நான் இவ்வளவு காலமும் இருக்கிறன்.”

உடையப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். “ஐயா, மேல சொல்லாதீங்க. கெட்டதா இருந்தா எனக்குத் தெரிய வேணாம்.”

நான் மூன்று துண்டுகளையும் எடுத்து முன்னால் வைத்தேன். ஐயாவின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் படர்ந்தது. உடனே முதல் துண்டைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைப் பொறுத்தவரை நாங்கள் இரண்டு பூச்சட்டி.

அவர் மனைவி புனிதவதி அம்மா எங்களுக்குப் புட்டும் பழமும் கொண்டுவந்தார். “இவர் இனி எழும்பமாட்டார், நீங்கள் சாப்பிடுங்கோ,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் புத்தகம் வந்த நாள் தொடக்கம் நான் பால் கொண்டுபோய்க் குடுத்தா முதல்ல என்னைப் பாக்கிறார், பிறகு பாலைப் பாக்கிறார். ரெண்டு பிள்ளையையும் பெத்தாப் பிறகும் அந்தப் பார்வை போகேல்ல,” என்றார்.

உடையப்பன் புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். பார்வையின் அர்த்தம் அவனுக்குப் புரிந்துவிட்டது. முடிவு கெட்டதுதான்.

மாலை ஆகி, கொசு வந்து, துரைசிங்கம் ஐயா மூன்றாம் துண்டை மூடினார்.

“விளங்கிச்சா ஐயா?” என்றேன்.

“விளங்கினமாதிரியும் இருக்கு, விளங்காதமாதிரியும் இருக்கு,” என்றார். நாலு துண்டுகளையும் ஒன்றாகக் கட்டி என்னிடம் கொடுத்தார். “கொண்டு போங்கோ. ஆனா கடைசிப் பக்கத்தை வாசிச்சிட்டு என்னை ஏசக்கூடாது.”

காரில் ஏறியதும் உடையப்பன் புத்தகக் கட்டை வாங்கித் தன் அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

“ஒரே ஒரு பக்கம் லா, மச்சான்,” என்று கெஞ்சினேன். “கடைசிப் பக்கம் மட்டும்.”

“வேணாம். நல்லதா இருந்தா நாளைக்கும் நல்லதா இருக்கும். கெட்டதா இருந்தா இன்னிக்கு ஒரு நாளாவது நான் தூங்கறேன்.”

“வெசம் வச்சிருந்தா என்னா செய்யப் போற?”

“தெரியல. எம்மவளுக்கு அந்தப் பையன புடிச்சிருக்கு, மச்சான். நான் வச்ச பேரால அது நின்னுடுச்சுன்னா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் ஈப்போ வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை என் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

வாசிப்பு செமோரில், கருப்பம்மாள் வீட்டு ஹாலில் நடந்தது. கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. ஆனால் கருப்பம்மாள்தான், “மாமன் படிச்சா கதைய மாத்திடுவான், முழியே சரியில்ல. அந்தப் புள்ளையே வந்து படிக்கட்டும். அவ வாயால வரட்டும்,” என்று சொல்லி அனுப்பியிருந்தார். என் முழியைப் பற்றி அவர் சொன்னது சரிதான்.

பவளவேணி பாயில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து வாசல் வரை அடைத்துவிட்டார்கள். மலை உச்சியில் ஒரு மாளிகை. வீட்டில் டெலிபோன் உண்டு, வாசலில் மோட்டார் கார் உண்டு. நோயில் படுத்த கணவன். சொத்துக்கு அலையும் அவன் சித்தப்பா. பூட்டிய அறையில் ஒரு பெட்டிக்குள் கருந்தேள். பவளவேணி படிக்கப் படிக்க உடையப்பன் ஒவ்வொரு வரிக்கும், “ஆமா, ஆமா,” என்றான். கருப்பம்மாளும் அதே வரிக்கு, “ஆமா, ஆமா,” என்றார். இரண்டு பேரும் ஒரே கதைக்குத் தலையாட்டுகிறார்களே, பிறகு எங்கே பிரிந்தார்கள் என்று எனக்கு மண்டை குழம்பியது.

நாலாம் துண்டு. புயல் இரவு. பவளவேணி பால் தம்ளரோடு மாடிப்படி ஏறுகிறாள். திரைக்குப் பின்னால் சித்தப்பா. கணவன் கை நீட்டுகிறான். அவள் கை நடுங்குகிறது. என் மருமகளின் குரலும் நடுங்கியது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

“அந்தப் பாலில் இருந்தது என்ன? பவளவேணி என்ன செய்தாள்? அறிய விரும்பும் ரசிகப் பெருமக்கள் மீதியை வெள்ளித்திரையில் கண்டு களிக்க வேண்டுகிறோம்.”

அவ்வளவுதான். அதற்குக் கீழே அச்சகத்தின் விலாசம்.

உடையப்பன் புத்தகத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து உதறினான், மிச்சக் கதை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. ஒரு பூச்சி உருண்டை விழுந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் கருப்பம்மாள்தான். “யானை எங்க?” என்றார்.

“என்னா யானை?” என்றாள் பவளவேணி.

“வெசத்தக் குடுத்துட்டு அவ யானை மேல ஏறிக் கோட்டைக்குள்ள போவா. கோட்டையப் பத்தி ஒரு வரிகூட வரலயே.”

“வீட்டுல டெலிபோன் இருந்துச்சா, அத்தை? நீங்க பாத்தீங்களா?”

“இருந்துச்சு. கறுப்பு டெலிபோன்.”

“டெலிபோன் வச்சிருக்கிறவ எதுக்கு யானையில போறா?”

கருப்பம்மாள் யோசித்தார். “மோட்டார் காடி கெட்டுப் போயிருக்கும்,” என்றார்.

உடையப்பன் வெற்றிச் சிரிப்போடு எழுந்தான். “யானையும் இல்ல பூனையும் இல்ல. வெசத்தக் குடிச்சிட்டு அவ கப்பல் மேல் தட்டுலேருந்து கடல்ல விழுவா. நான் எப்படி அழுதேன் தெரியுமா?”

“அப்பா,” என்றாள் என் மருமகள், “மலை உச்சியில மாளிகை. கப்பல் எங்கேருந்து வந்துச்சு?”

அவன் தலையைச் சொறிந்தான். “நான் அழுதுக்கிட்டு இருந்தேன்மா. அதக் கவனிக்கல.”

வாசலில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் யானை என்றார். இன்னொருவர் கப்பல் என்றார். ஒரு கிழவர் யானையைக் கப்பலில் ஏற்றியதாகவே சத்தியம் செய்தார். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்காமல் போனதில் முதல் முறையாகச் சந்தோஷம் வந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பத்துமலை பேசினார். “யானையும் இல்ல, கப்பலும் இல்ல,” என்றார்.

அவருக்கு இத்தனை வார்த்தைகள் தெரியும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. ஹால் அடங்கியது.

“அன்னிக்குத்தான் அந்தப் படத்துக்கு மொத ராத்திரி. ரெண்டு தோட்டத்துக்கும் ஒரே படம். ஒரே ராத்திரி,” என்றார் மனைவியைப் பார்க்காமல். “இவ மேட்டுத் தோட்டம். சம்பந்தி ஆத்துத் தோட்டம். மழை பேஞ்சு ரோடெல்லாம் சேறு. கம்பெனி வேன் மெயின் ரோட்டுலயே நின்னுடுச்சு. அங்கேருந்து ஒவ்வொரு பெட்டியா சைக்கிள்ல எடுத்துட்டுப் போயி, மேட்டுத் தோட்டத்துல ஓட்டி முடிச்சதும் ஆத்துத் தோட்டத்துக்குக் கொண்டு போவணும். கொண்டு போனது நான்.”

“அது எனக்குத் தெரியும்,” என்றார் கருப்பம்மாள். “அதுக்கென்ன?”

“மேட்டுத் தோட்டத்துக்குப் போறப்பவே கடைசிப் பெட்டி பலகைப் பாலத்துல வழுக்கி ஆத்துல விழுந்திடுச்சு.”

“எந்தப் பெட்டி?”

“கடைசிப் பெட்டி. அவ மாடிக்குப் போனதுக்கு அப்புறம் உள்ளது.”

உடையப்பன் மெல்ல உட்கார்ந்தான்.

“ஓடிப் போயி கம்பெனிக்காரன்கிட்ட சொன்னேன். மேட்டுத் தோட்டத்துல தொரை பொண்டாட்டியோட உக்காந்திருந்தாரு. படம் நின்னா அடுத்த மாசம் கம்பெனிய உள்ள விடமாட்டாங்க. வேன்ல வேற படத்துப் பெட்டிங்க கெடந்துச்சு. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு தூக்கிக் குடுத்து, எதையாவது ஓட்டச் சொல்லிட்டான். எல்லாப் படத்துலயும் அதே பொம்பளதான நடிச்சா. ஜெனரேட்டர் சத்தத்துல பேச்சும் கேக்காது. யாரும் ஒண்ணும் சொல்லல. கைதான் தட்டுனாங்க.”

கருப்பம்மாள் கணவர் பக்கம் முழுசாகத் திரும்பினார். “இத்தன வருசமா என்கிட்ட சொல்லல?”

“கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ அந்த யானைக் கதையச் சொல்ல ஆரம்பிச்ச. சொல்றப்ப ஒன் மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது. அதக் கெடுக்க மனசு வரல.” பத்துமலை தொண்டையைச் செருமினார். “இப்ப பையன் கல்யாணம். அதான் சொல்லிட்டேன்.”

நான் கருப்பம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் கோபம் வந்து, வெட்கம் வந்து, இரண்டும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றன. சீனி பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப அந்தப் பவளவேணி வெசம் வைக்கல,” என்றார் கடைசியில்.

“தெரியாது,” என்றார் பத்துமலை.

“எடுத்துக் குடிக்கவும் இல்ல.”

“அதுவும் தெரியாதுக்கா,” என்றான் உடையப்பன், அழுகிற குரலில்.

“பாலைக் கையில வச்சுக்கிட்டு இன்னும் நிக்கிறா. ஒண்ணும் செய்யல.”

“ஆமா,” என்றோம் எல்லோரும்.

“ஒண்ணுமே செய்யாதவ மேல நான் எப்படிக் குத்தம் சொல்றது?” என்றார். பிறகு என் மருமகளைப் பார்த்தார். “நீயா இருந்தா என்னா செய்வ?”

அவள் யோசிக்கவே இல்லை. “திரைக்குப் பின்னாடி நிக்கிறாரே சித்தப்பா, அவரு வாயில ஊத்துவேன், அத்தை.”

கருப்பம்மாள் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்றவர்கள் ஒரு படி பின்வாங்கினார்கள். சீனி பாயை விட்டான். உள்ளேயிருந்து தேத்தண்ணீர் வந்தது. இந்த முறை யாரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. தை மாதத்தில் நாள் பார்ப்பதென்று அங்கேயே பேசி முடிந்தது. புத்தகம் யாருக்கு என்று கேட்டேன். மூன்று பேர் கேட்டார்கள். நான் காதில் வாங்காமல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் என் தங்கையும் மருமகளும் பின்னால் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். உடையப்பன் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தம்புன் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள் தெரியத் தொடங்கியபோது என் பக்கம் சாய்ந்தான்.

“மச்சான், கப்பல்லேருந்து விழுந்தாளே, அவ யாரு?”

“தெரியல.”

“அவளுக்காகத்தான எம்மவளுக்குப் பேரு வச்சேன்?”

“ஆமா.”

“அப்ப அவளோட பேரு என்னா?”

நான் கியரை மாற்றினேன். வேறு என்ன செய்வது?

கல்யாணம் எண்பதாம் வருஷம் செமோர் மண்டபத்தில் நடந்தது. கூட்டம் ஆயிரம், இல்லை, இரண்டாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பந்தி முடிந்து கருப்பம்மாள் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். யாரோ, மருமகளுக்கு இதென்ன பழைய படத்துப் பேர் என்று கேட்டிருக்கிறார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“பவளவேணின்னா யாருன்னு நெனச்சீங்க?” என்றார் கருப்பம்மாள். “பாலை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போறா. திரைக்குப் பின்னாடி சித்தப்பன் நிக்கிறான். தலைமயிரப் புடிச்சு இழுத்து வாயில ஊத்துறா பாருங்க, அப்படியே சாயறான். அப்புறம் யானை மேல ஏறி வாரா. நான் கண்ணால பாத்தேன்.”

பாகான் செராயிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, “ஆமாக்கா, எங்க தோட்டத்துலயும் அதான் காட்டுனாங்க,” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்துமலை, “ம்,” என்றார்.